மஞ்சள் கயிற்றோடு டர்பனுக்கு

முதல் நாள், செவ்வாய்க்கிழமை

இந்தக் குறிப்புகள் ஒவ்வொன்றும் எழுதியதற்கு மறுநாள்தான் வெளியாகும். நான் ஓரிடத்தைவிட்டுக் கிளம்பிய பிறகே நான் அங்கிருந்தது பிறருக்குத் தெரியவேண்டும் என்பது, என்னை விருந்தினராக ஏற்றுக்கொண்டிருக்கும் வீட்டுத் தங்கை பயணத்துக்கு முன்பே விதித்த நிபந்தனை. தங்கை என்று நான் அழைப்பவர் எனக்கு உறவினர் அல்லர். 1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு வந்த ட்ரூரோ என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அது முதல் 1911 வரை ஒரு லட்சத்து ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் டர்பனைச் சுற்றியுள்ள நேட்டால் பகுதியின் கரும்புத் தோட்டங்களுக்கும் பிற வேலைகளுக்கும் ஒப்பந்தத் தொழிலாளர்களாகக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களுள் ஒருவருடைய கொள்ளுப்பேத்தி இவர். கப்பல் பதிவேட்டில் கண்ட ஊர்ப்பெயர் ஒன்றைத் தேடிச் சில ஆண்டுகளுக்கு முன் இவர் மயிலாடுதுறைப் பக்கம் வந்தபோது, அப்போதுதான் ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வுபெற்றிருந்த நான் இரண்டு நாள் கூடவே அலைந்து அந்த ஊரைக் காட்டிக்கொடுத்தேன். அதற்குக் கைம்மாறாகத்தான் இந்த அழைப்பு.

அவர் விதித்த இரண்டாவது நிபந்தனைதான் என்னைத் தடுமாற வைத்தது. "அக்கா, கழுத்தில் ஒரு குண்டுமணித் தங்கமும் வேண்டாம்" என்றார். என் தாலிக்கொடி ஏழு பவுன்; என் மாமியார் காலத்தது. திருமணமான நாளிலிருந்து கழற்றியதில்லை. முழங்கால் வலியால் உடன்வர முடியாத என் கணவர், "நான் இங்கே திடமாகத்தானே இருக்கிறேன், கழற்றி லாக்கரில் வை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கோத்துக் கட்டிக்கொண்டு, புடவைத் தலைப்பால் போர்த்தியபடி விமானம் ஏறினேன். துபாய் வரை நான்கு முறை கழுத்தைத் தொட்டுப் பார்த்திருப்பேன்.

விமான நிலையம் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. உலகக் கோப்பைக் கால்பந்துக்கு முன்னதாக 2010 மே 1 அன்று திறக்கப்பட்டு, ஜூலு அரசர் ஷாகாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. குடிவரவு மேசையில் அதிகாரி முத்திரை குத்தித் தந்த கடவுச்சீட்டை, நகர்ந்து நின்று, எந்தத் தேதி வரை தங்கலாம் என்று எழுதியிருக்கிறார் என்று படித்துப் பார்த்தேன். விசாவில் உள்ளதும் முத்திரையில் உள்ளதும் ஒன்றா என்பதை அங்கேயே பார்த்துவிட வேண்டும். ஏனெனில் அனுமதித்த நாளைக் கடந்து தங்கியவரை இந்நாடு விரும்பத்தகாதவராக அறிவித்து, முப்பது நாளுக்குட்பட்ட தாமதத்துக்கு ஓராண்டும் அதற்கு மேற்பட்டதற்கு ஐந்தாண்டும் திரும்பி வரவிடாமல் தடுக்கிறது. அப்போது அதிகாரியின் கைப்பிழை என்று வாதாடுவது எளிதன்று.

ஆப்பிரிக்கா என்றதும் ஊரில் பலரும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டாயா என்று கேட்டார்கள். இந்தியாவிலிருந்து துபாய் வழியாக வருபவருக்குத் தென்னாப்பிரிக்கா அதைக் கேட்பதில்லை. அந்நோய் உள்ள நாடொன்றிலிருந்து வருபவரும், அத்தகைய நாட்டின் விமான நிலையத்தில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து வருபவருந்தான் சான்றிதழ் காட்ட வேண்டும். கென்யா வழியாகக் குறைந்த கட்டணத்தில் பயணச்சீட்டு எடுப்பவர்கள் இதைக் கவனித்துக்கொள்வது நல்லது.

வெளியே வந்ததும் மூவர் "டாக்சி, மேடம்" என்று நெருங்கினார்கள். தங்கையின் மகன் எந்தச் சட்டையில், எந்தத் தூணருகே நிற்பான் என்பது முன்பே எனக்குப் புகைப்படமாக வந்திருந்தது. வேறு யார் என் பெயரைச் சொல்லி அழைத்தாலும் போகக்கூடாது என்பது ஏற்பாடு. "பெரியம்மா" என்று அவன் குரல் கேட்ட பிறகே என் பெட்டியின் பிடியைத் தளர்த்தினேன்.

இரண்டாம் நாள், புதன்கிழமை

இந்த வீட்டைச் சுற்றி ஆளுயரத்துக்கு மேல் சுவர், சுவரின்மேல் மின்கம்பி, வாசலில், அழைத்தால் ஆயுதம் தாங்கிய காவலர் வருவார் என்று ஒரு தனியார் நிறுவனத்தின் பலகை. தெருவில் எல்லா வீடுகளும் இப்படியே. காவல்துறையினரைவிடத் தனியார் காவலர்களின் எண்ணிக்கை மிகுதியாக உள்ள நாடு இது. முதலில் இதைப் பார்த்து எனக்கு ஏற்பட்ட அச்சம், அந்தச் சுவருக்குள்ளே துளசி மாடமும், கறிவேப்பிலை மரமும், வாசலருகில் வழிபாட்டுக்கென நடப்பட்டிருந்த சிவப்புக் கொடியும் கண்ணில் பட்டபோது சற்றே தணிந்தது.

கைப்பேசிக்கு மின்னேற்ற முயன்றபோதுதான் நான் கொண்டுவந்த மாற்றிச்செருகி பயன்படாது என்று தெரிந்தது. நம் வீடுகளில் ஏ.சி.க்கும் கீசருக்கும் வைக்கிறோமே, பருத்த மூன்று முனைகள் கொண்ட பெரிய பிளக், அதுதான் இங்கே எல்லாவற்றுக்கும். இதையும் பாதுகாப்புக் கணக்கில்தான் சேர்க்கிறேன். அந்நிய ஊரில் உயிரற்ற கைப்பேசியோடு நிற்பதைவிடப் பெரிய அபாயம் குறைவு என்பதை அடுத்த சில மணி நேரத்தில் உணர்ந்தேன்.

இன்று நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். தம்பி, அதாவது தங்கையின் மகன், என்னை ஒரு வணிக வளாகத்துக்கு அழைத்துச் சென்றான். உள்நாட்டு சிம் அட்டை வாங்கவேண்டும். அதற்குக் கடவுச்சீட்டோடு தங்கும் முகவரிக்கான சான்றும் சட்டப்படி தேவை என்பதால் அவன் தாயின் மின்கட்டண ரசீதை எடுத்துவர மறந்ததை நினைத்து வண்டிக்குத் திரும்பினான். அந்தப் பத்து நிமிடத்தில் கொஞ்சம் பணம் எடுத்துவைப்போம் என்று, வளாகத்துக்கு உள்ளே இருந்த இயந்திரங்களை விட்டுவிட்டு, வாசல் ஓரமாகத் தனியே நின்ற ஓர் ஏ.டி.எம். இயந்திரத்திடம் போனேன்.

அட்டை உள்ளே போகவில்லை. இரண்டு முறை முயன்றேன். பின்னாலிருந்து, "வணக்கம், ஆன்ட்டி" என்று ஒரு குரல். நல்ல உடை, நடுத்தர வயது, கனிவான முகம். என் நெற்றிப் பொட்டையும் புடவையையும் பார்த்திருப்பார். ஏறத்தாழ ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வந்து வணக்கம் என்ற சொல்லைக் கேட்ட மகிழ்ச்சியில், நான் அவர் எங்கிருந்து வந்தார் என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இந்த இயந்திரத்தில் அட்டையை முதலில் துடைக்க வேண்டும் என்றார், வாங்கினார், துடைத்தார், செருகினார், கடவு எண்ணை அழுத்துங்கள் என்றார். அழுத்தினேன். வேலை செய்யவில்லை. "மன்னிக்கவும், இது பழுது, உள்ளே போங்கள்" என்று அட்டையை என் கையில் கொடுத்துவிட்டு நிதானமாக நடந்து போனார். நான் நன்றிகூடச் சொன்னேன்.

ஏறத்தாழ ஐந்து நிமிடத்தில் என் இந்திய எண்ணுக்குக் குறுஞ்செய்தி வந்தது: இரண்டாயிரம் ராண்ட் எடுக்கப்பட்டுள்ளது. நம் பணத்தில் ஒன்பது, பத்தாயிரம் ரூபாய். கையிலிருந்த அட்டையைப் பார்த்தேன். அதே நிறம், பெயர் வேறு. ஓடிவந்த தம்பி தன் கைப்பேசியிலிருந்து இணைய இணைப்பைத் தர, வங்கிச் செயலியைத் திறந்து அட்டையைப் பூட்டினேன். விரல்கள் நடுங்கியதில் இரண்டு முறை தவறாக அழுத்தினேன். ஒரு நாளைக்கு இரண்டாயிரம் ராண்டுக்கு மேல் எடுக்க முடியாதபடி என் மகள் ஊரிலேயே வரம்பு வைத்திருந்தாள். இவ்வளவு குறைவாக எதற்கு என்று அப்போது அவளிடம் சலித்துக்கொண்டது நான்தான். இந்திய எண்ணை ரோமிங்கில் வைத்ததும் அவள் வற்புறுத்தலே. அந்தக் குறுஞ்செய்தி வந்திராவிட்டால் இரவு வரை வேறொருவர் அட்டையைப் பத்திரமாகக் கைப்பையில் வைத்திருந்திருப்பேன். நள்ளிரவு கடந்ததும் அடுத்த இரண்டாயிரம் போயிருக்கும்.

அட்டையை மாற்றும் இந்தத் தந்திரம் இவ்வூரில் பழையது. இயந்திரத்தின் வாயில் எதையாவது வைத்து அடைத்துவிட்டு, உதவ ஒருவர் தயாராக நிற்பார். தங்கை இதை எனக்கு நேற்றே சொல்லியிருந்தார். அறியாமல் ஏமாந்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை. உதவிக்கு வந்தவரிடம் வேண்டாம் என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்வது மரியாதையாகாது என்று அறுபது வருடம் பழகிய என் நாக்கு அந்த நேரத்தில் எழவில்லை.

மூன்றாம் நாள், வியாழக்கிழமை

இந்த வீட்டின் மூத்தவர் ஆயா. எண்பத்தாறு வயது. மகனும் மருமகளும் பேரனும் ஆங்கிலத்தில் பேசிக்கொள்ள, தமிழில் எனக்கு மறுமொழி சொல்பவர் இவர் ஒருவரே; அதுவும் என் பாட்டி பேசிய தமிழ். நடந்ததைக் கேட்டுவிட்டு, "அவன் வணக்கம் சொன்னா நீயும் வணக்கம் சொல்லிட்டு வர்றதுதானே? கார்டை ஏன் குடுத்தே?" என்றார். அதற்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை.

காலையில் காவல் நிலையம் போனோம். பயணக் காப்பீட்டு நிறுவனமும் வங்கியும் காவல்துறைப் பதிவு இல்லாமல் எந்தக் கோரிக்கையையும் தொடாது என்பதால், போன பணம் சிறிதென்றாலும் புகார் எழுதிவிடுவதே முறை. மேசையில் இருந்த பெண் காவலர் என் வாக்குமூலத்தைப் பொறுமையாக எழுதிக்கொண்டார். வழக்கு எண் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாக வரும் என்றார். அது மாலைக்குள் வந்துசேர்ந்தது.

அங்கேயே இன்னொரு காரியமும் முடிந்தது. தென்னாப்பிரிக்கக் காவல் நிலையங்களில் ஆவணங்களின் நகலை மூலத்தோடு ஒப்பிட்டு, உண்மை நகல் என்று முத்திரை குத்திக் கட்டணமின்றித் தருகிறார்கள். கடவுச்சீட்டின் முகப்பும், விசாவும், நுழைவு முத்திரையும் அடங்கிய மூன்று பக்கங்களுக்கு அப்படி முத்திரை பெற்றுக்கொண்டேன். இனி வெளியே போகும்போது இந்த நகல் என்னோடு வரும். மூலம் வீட்டுப் பெட்டகத்தில் இருக்கும். கடவுச்சீட்டே தொலைந்துபோனால் டர்பனில் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. காவல்துறைப் பதிவைக் காட்டினால் நாடு திரும்புவதற்கு மட்டும் செல்லுபடியாகும் அவசரச் சான்றிதழைப் பெறலாம். துணைத் தூதரகத்தின் முகவரியை ஒரு காகிதத்தில் எழுதி, அதன் கீழே காவலுக்கு 10111, ஆம்புலன்சுக்கு 10177, கைப்பேசியிலிருந்து எந்த அவசரத்துக்கும் 112 என்று குறித்து, ரவிக்கைக்குள் வைக்கும் சுருக்குப்பையில் மடித்து வைத்தேன். எண்கள் கைப்பேசியில் மட்டும் இருந்தால், கைப்பேசி பறிபோகும் நாளில் அவையும் சேர்ந்து போகும்.

பிற்பகல் விக்டோரியா தெருச் சந்தைக்குப் போனோம். மாமியாரை ஒழிக்கும் தூள் என்று பெயரிட்டு மிளகாய்த்தூளைக் குவித்து வைத்திருக்கிறார்கள். மாமியாரான தங்கை அதையே கால் கிலோ வாங்கினார். சந்தையை ஒட்டிய வார்விக் சந்திப்பில் மினிபஸ்களும் நடைபாதை வணிகர்களும் மூலிகை விற்போரும் நெருக்கியடித்து நிற்க, நாளொன்றுக்குப் பல லட்சம் பேர் கடந்து போகிறார்கள். ரங்கநாதன் தெருவில் தீபாவளிக்கு முந்தைய வாரம் எப்படி நடப்போமோ அப்படித்தான் இங்கும் நடக்கவேண்டும் என்று எனக்குப் பட்டது: பை முன்புறம், கைப்பேசி பைக்குள், பார்வை நிமிர்ந்து. வரைபடத்தைப் பார்க்கவேண்டுமென்றால் கடைக்குள் ஏறி நின்று பார்ப்பது உள்ளூர் வழக்கம். மாலை ஐந்து மணிக்குக் கடைகள் மூடத் தொடங்கியதும் தங்கை என்னை அவசரப்படுத்தினார். பகலில் கூட்டமே காவலாக இருக்கும் இந்தத் தெருக்கள், கூட்டம் கலைந்ததும் வேறு தெருக்களாகிவிடுகின்றனவாம்.

நான்காம் நாள், பெரிய வெள்ளி

மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் கோயில் திருவிழா பத்து நாள் நடந்து பெரிய வெள்ளியன்று நிறைவுறுகிறது. மாரியம்மனுக்கும் பெரிய வெள்ளிக்கும் என்ன தொடர்பு என்று கேட்டேன். கரும்பாலை முதலாளி ஈஸ்டருக்குத்தான் விடுமுறை தந்தான், அம்மனும் அந்த நாளுக்கு ஒத்துக்கொண்டாள் என்றார் ஆயா.

கூட்டம் பல்லாயிரம். வண்டியை நிறுத்தியதும் மேற்சட்டை அணிந்த ஒருவர் வந்து காவல் காப்பதாகச் சைகை செய்தார்; திரும்பும்போது ஐந்தோ பத்தோ ராண்ட் கொடுப்பது வழக்கம். தம்பி சாவியின் பொத்தானை அழுத்திவிட்டு, நான்கு கதவுகளின் கைப்பிடிகளையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தான். பொத்தானை அழுத்தும் அதே நொடியில் வேறொரு கருவியால் அலைவரிசையைக் குழப்பி, கதவு பூட்டாதபடி செய்துவிட்டு, ஆள் போனதும் உள்ளிருப்பதை அள்ளிக்கொண்டு போவார்களாம். நம் ஊரில் செருப்பைத் தனித்தனியாக இரண்டு இடத்தில் விட்டுவிட்டுக் கோயிலுக்குள் போகும் என் கணவர் இதைக் கேட்டால் மிகவும் மகிழ்வார்.

உள்ளே நின்ற பெண்களின் கழுத்துகளைக் கவனித்தேன். மின்னியவை யாவும் கவரிங். உண்மையான நகை திருமண மண்டபத்துக்குள் மட்டும் வெளிவரும் என்றும், அதுவும் மண்டபத்தில் போய்த்தான் அணிவார்கள் என்றும் தங்கை சொன்னார். சிலர் கழுத்தில் என்னைப் போலவே வெறும் மஞ்சள் கயிறு. ஒரு மூதாட்டி என் கயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டபோது, ஏழு பவுனை விட்டுவந்த குறை அடங்கியது.

குழந்தைகளின் மணிக்கட்டில் பெற்றோரின் கைப்பேசி எண்ணைப் பேனாவால் எழுதியிருந்தார்கள். நாங்களும் பிரிந்துவிட்டால் எங்கே சேர்வது என்று முதலிலேயே கொடிமரத்தைக் குறித்துக்கொண்டோம். நண்பகலில் பிரிந்தோம், கொடிமரத்தடியில் கூழ் குடித்துக்கொண்டு காத்திருந்தேன், கைப்பேசிக்கு வேலையே வரவில்லை.

ஐந்தாம் நாள், சனிக்கிழமை

கடற்கரை. டர்பனின் கடலோர நடைபாதை பகலில் குடும்பங்களால் நிறைந்திருக்கிறது. இங்கே நான் அஞ்சி வந்தது சுறாவுக்கு. 1952 இல் டர்பன் கடற்கரைகளுக்கு வலை போட்டார்கள். 1957 டிசம்பரில் தொடங்கி அடுத்த சில மாதங்களில் இந்த மாகாணத்தின் தென்கரையில் அடுத்தடுத்து நடந்த தாக்குதல்களால் விடுமுறை ஊர்கள் வெறிச்சோடிப் போயின. அதன் விளைவாக 1964 இல் சுறாத் தடுப்புக்கென்றே ஒரு வாரியம் அமைந்தது. வலை என்றதும் வேலி என்று நினைத்திருந்தேன். அது வேலி அன்று. ஏறத்தாழ 200 மீட்டர் நீளமும் 6 மீட்டர் ஆழமும் கொண்ட துண்டு வலைகளை அலைகளுக்கு அப்பால் வரிசை மாற்றி நிறுத்துகிறார்கள். சுறா அவற்றின் மேலேயும் கீழேயும் பக்கவாட்டிலும் வரமுடியும். ஆயினும் அதன் நடமாட்டம் குறைந்துவிடுகிறது. சுறாக்களோடு ஆமைகளும் டால்பின்களும் சிக்கிச் சாவதால், வலைகளைக் குறைத்து, இரை கோத்த தூண்டில்களை மாற்றாக வைத்து வருகிறார்கள்.

உயிர்க்காவலர் மேடையில் இருந்த இளைஞர் சுறாவைப் பற்றிக் கேட்ட என்னைப் பார்த்துச் சிரித்து, என் புடவையைக் காட்டினார். கடலில் சாகிறவர்களுள் பெரும்பாலோர் நீரோட்டத்தில் சிக்கியவர்கள். கரையை நோக்கி வந்த நீர் ஒரு குறுகிய வழியில் திரும்பி ஓடும்போது, அந்த இடத்தில் அலை உடையாமல் அமைதியாகத் தோன்றும். தெரியாதவர் அந்த அமைதியை நம்பித்தான் இறங்குவார். சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், மிதந்தபடி கையை உயர்த்தவேண்டும். நீந்தத் தெரிந்தவர் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் விலகவேண்டும். முழங்கால் ஆழத்தில் ஆறு கஜப் புடவை நனைந்தால் அது எவ்வளவு கனக்கும் என்று எண்ணிப் பாருங்கள் என்றார். மெரினாவில் ஆண்டுதோறும் நாம் கேட்கும் செய்திதான். இரு கொடிகளுக்கு இடையில், காவலர் மேடையில் இருக்கும் நேரத்தில் மட்டும் கால் நனைத்தேன். கழிவுநீர் கலந்ததாகப் பரிசோதனையில் தெரியவரும் நாள்களில் சில கடற்கரைகளை மூடிவிடுகிறார்கள்; 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கழிவுநீர் நிலையங்கள் சேதமுற்ற பின் இது அடிக்கடி நேர்ந்தது. அறிவிப்புப் பலகையைப் படிக்காமல் இறங்கக்கூடாது.

ஆறாம் நாள், ஞாயிற்றுக்கிழமை

பீட்டர்மாரிட்ஸ்பர்க் 80 கிலோமீட்டர். புறப்படுமுன் கைப்பைகள் எல்லாம் டிக்கிக்குள் போயின. ரோபோவில் நிற்கும்போது கண்ணாடியை உடைத்து இருக்கையில் கிடப்பதை எடுத்துக்கொண்டு ஓடுவது இங்கே அறியப்பட்ட குற்றம் என்பதால், மடியில் ஒன்றும் இருக்கக்கூடாது. ரோபோ என்றால் போக்குவரத்து விளக்கு. முதல் நாள் "ரோபோவில் இடது பக்கம் திரும்பு" என்று தங்கை சொன்னபோது நான் எந்திர மனிதனைத் தேடினேன். கல்லோ டயரோ வழியில் கிடந்தால் இறங்கி அகற்ற முயலாமல் விலகிப் போய்விட வேண்டும், சக்கரம் பழுதானாலும் வெளிச்சமுள்ள பெட்ரோல் நிலையம் வரை மெல்ல ஓட்டிச் செல்லவேண்டும், இருட்டியபின் நெடுஞ்சாலையில் பயணம் வேண்டாம் என்பவை தம்பியின் விதிகள். வண்டியைக் கடத்துவோர் மிகுந்த இடம் என்று இந்நாட்டுச் சாலைகள் சிலவற்றில் அரசே பலகை வைத்திருக்கிறது. ஆனால் ஈஸ்டர் வாரத்தில் இங்கே ஆண்டுதோறும் அரசு கவலையோடு பேசுவது சாலை விபத்தைப் பற்றித்தான். கடற்கரைக்கு வந்தவர்களும் யாத்திரை போனவர்களும் ஒரே நேரத்தில் வீடு திரும்பும் வாரம் இது. பின்னிருக்கையில் நானும் இருக்கைப் பட்டை போட்டுக்கொண்டேன். ஊரில் போடுவதில்லை என்று ஒப்புக்கொண்டு திட்டும் வாங்கினேன்.

ரயில் நிலையம் சிவப்புச் செங்கல் கட்டடம். 1893 ஜூன் 7 இரவு இங்கேதான் காந்தி இறக்கிவிடப்பட்டார். நடைமேடையில் நின்றபோது இதுவரை தோன்றாத ஒன்று தோன்றியது. அவரும் அப்போது இந்நாட்டுக்கு வந்து சில நாளே ஆன வெளிநாட்டுப் பயணி. கையில் முறையான முதல் வகுப்புப் பயணச்சீட்டு வைத்திருந்தார். ஆவணத்தில் ஒரு குறையும் இல்லை. மேலங்கி அவர் பெட்டிக்குள் இருந்தது, பெட்டி ரயில்வே அதிகாரிகளிடம் இருந்தது, கேட்டால் மறுபடி அவமதிப்பார்களோ என்று கேட்காமலே குளிரில் உட்கார்ந்திருந்தார். என் நகல்களையும் முத்திரைகளையும் நினைத்துக்கொண்டேன். அவருக்கு அன்று எந்தத் துணைத் தூதரகமும் இல்லை. மறுநாள் தந்தி அடித்தார்; உள்ளூர் இந்திய வணிகர்கள் வந்து பார்த்து, தங்களுக்கும் இப்படித்தான் நடக்கிறது என்று ஆறுதல் சொன்னார்கள். பயணப் பாதுகாப்பில் தெரிந்த மனிதர் ஒருவர் அந்த ஊரில் இருப்பதற்கு ஈடான ஆவணம் எனக்குத் தெரிந்து இல்லை.

ஏழாம் நாளும் எட்டாம் நாளும்

செயின்ட் லூசியா. வடக்கே மூன்று மணி நேரம். 1999 இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்த ஈரநிலப் பூங்காவின் வாசலில் உள்ள சிற்றூர். மலேரியா டர்பனில் இல்லை. மொசாம்பிக் எல்லையை நெருங்க நெருங்க வாய்ப்பு உண்டாகிறது என்பதால் ஊரிலேயே மருத்துவரிடம் வழித்தடத்தைக் காட்டிக் கேட்டு வந்திருந்தேன். முழுக்கை ரவிக்கையும் கொசு மருந்தும் போதும் என்றார்.

இரவு எட்டு மணிக்கு உணவு விடுதியிலிருந்து தங்குமிடத்துக்கு இருநூறு அடி. நடந்தே போகலாம் என்று கிளம்பிய என்னை விடுதிக்காரர் கையைப் பிடித்து நிறுத்தாத குறையாக நிறுத்தினார். தெருவிளக்கின் கீழே, யாரோ ஒருவர் வீட்டுப் புல்வெளியில், ஒரு நீர்யானை எருமைபோல மேய்ந்துகொண்டிருந்தது. பகலெல்லாம் கழிமுகத்தில் கிடக்கும் இவை இருட்டியதும் புல் தேடி ஊருக்குள் வருகின்றன. பருத்த உடலைப் பார்த்து மந்தமானது என்று எண்ணக்கூடாது. ஓடும் மனிதனை எளிதில் மிஞ்சும். அதற்கும் நீருக்கும் நடுவில் நிற்பதே மிகப் பெரிய தவறு, ஏனெனில் அஞ்சியதும் அது நேராக நீரை நோக்கித்தான் பாயும். ஒளிப்படம் எடுக்கவென்று வண்டியைவிட்டு இறங்கிய ஒரு குடும்பத்தை ஊர்க்காரர் ஒருவர் கத்தி உள்ளே ஏற்றினார். இருநூறு அடியையும் வண்டியிலேயே போனோம்.

கழிமுகத்தில் முதலைகளும் உண்டு. மீன்பிடிக்கும் கரையில் காலை நீருக்குள் விட்டுக்கொண்டு உட்கார ஆசைப்பட்டதோடு சரி.

எட்டாம் நாள் முழுதும் திரும்பும் பயணம். ஆயாவுக்கு மூச்சுத்திணறல் என்று வழியில் தொலைபேசி வந்ததால் நேரே மருத்துவமனை போனோம், மாலைக்குள் சரியாகிவிட்டது. காத்திருந்தபோது வரவேற்பு மேசையில் விசாரித்தேன். அவசர சிகிச்சையை யாருக்கும் மறுக்கக்கூடாது என்று இந்நாட்டு அரசியல் சட்டமே சொல்கிறது. ஆனால் தனியார் மருத்துவமனையில் சேர்ந்து படுக்கவேண்டுமென்றால் முன்பணமோ காப்பீட்டு நிறுவனத்தின் உறுதிக்கடிதமோ கேட்பார்கள். என் காப்பீட்டு எண்ணைத் தங்கையின் கைப்பேசியிலும் பதிவுசெய்து வைத்தேன். மயங்கிக் கிடக்கும் நான் அதை எடுத்துக் கொடுக்க முடியாது அல்லவா?

ஒன்பதாம் நாள், புதன்கிழமை

வாங்கிய பொருள்களுக்குச் செலுத்திய 15 விழுக்காட்டு வரியை வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையத்தில் திரும்பப் பெறலாம். பொருளையும் ரசீதையும் காட்டவேண்டும். என்னுடைய மொத்தச் செலவு மிளகாய்த்தூளும் இரண்டு கூடைகளும் என்பதால் வரிசையில் நிற்கவில்லை. ஆயா வாசல் வரை வந்து, துபாயில் இறங்கியதும் ஒன்று, சென்னையில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று மூன்று முறை பேசச் சொன்னார். அவருக்குக் கைப்பேசி பிடிக்கத் தெரியாது. பேரன் பிடித்துக் காட்டுவான்.

பத்தாம் நாள், வியாழக்கிழமை

மயிலாடுதுறை. மூன்றாவது அழைப்பைப் பேசி முடித்த கையோடு தென்னாப்பிரிக்கக் காவல்துறையின் குறுஞ்செய்தி வந்தது. என் வழக்கு ஒரு புலனாய்வாளரிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளதாம். வங்கி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. கணவர் கழுத்துக் கயிற்றைப் பார்த்துவிட்டு, நாளை வெள்ளிக்கிழமை, பத்து மணிக்கு லாக்கர் திறப்பார்கள் என்றார். மஞ்சள் இன்னும் நிறம் மாறவில்லை, இன்னும் ஒரு வாரம் கிடக்கட்டும் என்றேன்.